பனிக்குள் ஒற்றை விளக்கு

காலை ஆறே முக்கால். மூன்று நாளாக ஊரைப் போர்த்திக் கிடந்த மூடுபனி அன்றும் கிளம்ப மனமில்லாமல் படுத்திருந்தது. பாலம் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு சைக்கிள் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

படித்துறையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தையல்காரர்தான் முதலில் மேலே ஏறி வந்தார். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். ஏன் அதை முதலில் செய்தோம் என்று பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பியபோதுதான், பாலம் முடிகிற இடத்தில், ஓரமாக நர்ஸ் கிடப்பதைப் பார்த்தார். அக்கரை ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். தலையில் அடி. மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டிருந்தது.

எட்டரை மணிக்கெல்லாம் வண்டியைப் பிடித்துவிட்டதாகக் காவல் அதிகாரி சொன்னார். மனிதர் கெட்டவரல்ல, கொஞ்சம் அவசரக்காரர். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வழக்கு முடிந்தால் அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்திருப்பார். பிடிபட்டது பால் வண்டி. அது வாகன சோதனை அலுவலக முற்றத்தில், பனியில் நனைந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

சோதனை செய்ய வந்தவள் பிரேக்கம்மா. வாகன சோதனை அதிகாரி என்று அரசாங்கம் கொடுத்த பெயர் அவளுடைய அறைக் கதவில் மட்டும் இருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் முதலில் பிரேக்கை மிதித்துப் பார்ப்பதால் ஊர் வைத்த பெயர் இது. விளக்கு விஷயத்தில் அவள் இன்னும் கறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள்.

பால் வண்டிக்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. விளக்குக்கடை. வண்டிக் கூரையில் வரிசையாக நாலு பெரிய விளக்குகள் மாட்டி வைத்திருப்பவர். எதிரே வருகிறவன் கண் அவிந்துபோகும். போன வாரம்தான் பிரேக்கம்மா அவரை நிறுத்தியிருந்தாள். முகப்பு விளக்கைவிட உயரத்தில் இருக்கிற கூடுதல் விளக்குகளைச் சாலையில் எரியவிடக் கூடாது, மூடி போட்டு மறைத்திருக்க வேண்டும் என்பது விதி. மூடி போட வைத்தாள். அப்போதே இடப்பக்க முகப்பு விளக்கு எரியவில்லை என்பதையும் பார்த்தாள். மாற்றுவதற்கு ஒரு வாரம் தவணை கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"சாட்சி ஒரே ஒரு விளக்கைத்தான் பாத்திருக்கார்," என்றார் காவல் அதிகாரி. "வண்டியோட வலப்பக்க விளக்கு. இடப்பக்கம் இருட்டு. இந்த ஊர்ல அப்படி ஒத்தைக் கண்ணோட ஓடற வண்டி இது ஒண்ணுதான். ஆளும் அந்த நேரத்துலதான் பாலத்தைத் தாண்டியிருக்கார். நீங்க எழுதிக் கொடுத்தா சாயங்காலமே கோர்ட்டுக்கு அனுப்பிடலாம்."

பிரேக்கம்மா கூரையைப் பார்த்தாள். நாலு விளக்குக்கும் மூடி இருந்தது, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவள் சொன்னபடியே செய்திருந்தார் மனிதர். நாலையும் மூடிவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைக் கண் வெளிச்சத்தில் பனிக்குள் போகவிட்டது யார் என்று அவள் மனம் அவளையே குடைந்தது. வண்டியின் முகப்பில் நெளிவுகளுக்குக் குறைவில்லை. எது பழசு, எது புதுசு என்று சொல்ல முடியவில்லை.

விளக்குக்கடை முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, கையில் கம்பளித் தொப்பி.

"அண்ணே, நீங்க இடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"தெரியலன்னா?"

"தினமும் பாலத்துல அந்த சிஸ்டரைத் தாண்டிப் போவேன். மெல்ல ஒரு ஹாரன் அடிப்பேன். திரும்பிப் பாக்காமலே கையைத் தூக்குவாங்க. இன்னைக்கு யாரும் கையைத் தூக்கல." தொப்பியை மடியில் வைத்துத் தடவினார். "நான் ஹாரன் அடிச்சேனான்னும் ஞாபகம் இல்ல. பனிக்குள்ள ஓட்டினா தூங்கிட்டே ஓட்டற மாதிரிதான் இருக்கு. பாலம் முடியற இடத்துல வண்டி ஒரு தூக்கு தூக்கிச்சு. அது எப்பவும் தூக்குமா, இன்னைக்குத்தான் தூக்கிச்சான்னு தெரியல. பெஞ்சுல உக்காந்தபடியே ஒரு தடவை கண்ணசந்தேன். அவங்க விழறது தெரிஞ்சுது. அவ்வளவு தெளிவா தெரிஞ்சுது. பாக்காதது எப்படிம்மா அப்படித் தெரியும்?"

"கனவுக்கெல்லாம் நான் சான்றிதழ் கொடுக்கறதில்ல."

"நான் கையெழுத்துப் போட்டுடறேன்மா. போட்டுட்டா மனசு ஆறிடும்."

செய்தவன் மறுத்தால் பிரேக்கம்மாவுக்குக் கோபம் வரும், அதோடு முடிந்தது. செய்தோமா இல்லையா என்றே தெரியாதவன் ஒப்புக்கொள்ள நிற்பதை எங்கே வைத்துப் பார்ப்பது? உரிமம் போகும், சிறை வரும். அதைவிட, செய்யாமலிருந்தால் செய்யாத ஒன்றைச் செய்ததாகவே நம்பிக்கொண்டு இந்த மனிதர் சாகும்வரை வாழ்வார். சாயங்காலம் வரைக்கும் கையெழுத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிக் காவல் அதிகாரியிடம் கெஞ்சிக் கேட்டாள். ஐந்து மணி வரை என்றார் அவர்.

அப்போது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கார் முற்றத்துக்குள் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். காவல் அதிகாரி அவருடைய மாணவர், பிரேக்கம்மாவும் அவருடைய மாணவிதான். உரிமத் தேர்வுக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் சேற்றில் புரண்டு எழுந்த கோலத்தில் நிற்க, அவர் கார் மட்டும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. முகப்பில் இரண்டு பகல் விளக்குகளும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. இஞ்சினை முடுக்கினாலே தானாக எரிகிற விளக்குகள்.

"கேள்விப்பட்டேன்," என்றார் மாஸ்டர். "பாவம் அந்தப் பொண்ணு. இந்தப் பனிக்கு நானே இப்பதான் வண்டிய ஷெட்லேர்ந்து வெளிய எடுக்கறேன். ஒத்தை விளக்கு வண்டிய ரோட்ல விடலாமா? போன வாரமே நிறுத்தியிருக்க வேண்டாமா?"

அது பிரேக்கம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

மாஸ்டர் தன் மாணவியின் பக்கம் திரும்பினார். எங்கே நின்றாலும் அவருக்கு அது வகுப்பறை. "பகல் விளக்கு எதுக்கும்மா? நாம பாக்கறதுக்கா? இல்ல, நம்மள மத்தவங்க பாக்கறதுக்கு. மறக்கக் கூடாது."

பிறகு தேர்வுத் தடத்துக்குப் போவதற்காகக் காரைத் திருப்பினார். முற்றத்தில் நாயைத் தவிர யாரும் குறுக்கே இல்லை. ஆனாலும் திரும்புவதற்கு வெகுதூரம் முன்னாலேயே இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். இடப்பக்கப் பகல் விளக்கு அணைந்து அந்த இடத்தில் மஞ்சள் மினுக்கியது. திரும்பி முடித்ததும் வெள்ளை மறுபடி எரிந்தது. மனிதர் ஒழுங்கு அப்படி என்று நினைத்துக்கொண்டாள் பிரேக்கம்மா. கார் பனிக்குள் கரைந்தது.

பத்து மணிக்கு ஒரு காப்பிக்காகப் பக்கத்துக் கட்டடத்து மின்பணியாளர் அறைக்குப் போனாள். அங்கேதான் அடுப்பு இருக்கிறது. மேசை முழுக்க ஒயர்கள். நடுவில் பூசணிக்காய்ப் பருமனில் ஒரு மஞ்சள் கண்ணாடி விளக்கு வயிறு திறந்து கிடந்தது. அதை நகர்த்திவிட்டு மின்பணியாளர் தம்ளரை வைத்தார்.

"இதுக்கு ஒரு சாமான் வரணும், வரணும்னு நானும் பாத்துட்டே இருக்கேன்," என்று அலுத்துக்கொண்டார். "வந்தபாடில்ல. மேசையில பாதி இடத்தை அடைச்சிட்டுக் கிடக்கு."

அவள் காதில் பாதிதான் விழுந்தது. மனமெல்லாம் பெஞ்சிலிருந்த தொப்பியின் மேல் இருந்தது. பனி நாளில் எல்லோருக்கும் இந்த நோய்தான், எதிரே இருப்பதும் கொஞ்சம் தள்ளியே தெரியும்.

தையல்காரரின் வீடு படித்துறைக்கு மேலேயே இருந்தது. ஓய்வு பெற்றும் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும்.

"என்ன பாத்தீங்க?"

"விளக்கு. ஒண்ணு."

"வண்டிய?"

"படித்துறை கீழ இருக்கு. அங்கேர்ந்து பாத்தா பாலத்துக் கைப்பிடிதான் தெரியும். அதுக்கு மேல வெளிச்சம் வந்துச்சு. அப்புறம் இல்ல."

"சத்தம்?"

"மதகுல தண்ணி இரைஞ்சுட்டிருக்கு. நீங்க பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. சைக்கிள் மணி மட்டும் ஒரு தரம் கேட்டுச்சு. யாரோ கனவுல அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"விளக்கு எந்தப் பக்கம்?"

"எனக்குக் கிட்ட இருக்கிற பக்கம். வண்டிக்கு வலப்பக்கம்."

"என்ன நிறம்?"

தையல்காரர் முதல் முறையாக யோசித்தார். "வெள்ளை. நீலம் போட்டு அலசின வெள்ளை."

பிரேக்கம்மாவுக்கு மூக்கில் வியர்த்தது. பால் வண்டியின் விளக்கு பழைய பல்பு. அது எரிந்தால் பழுப்பாக, அழுக்குத் துணி மாதிரி இருக்கும். ஆனால் பனிக்குள் பார்த்த நிறத்தை வைத்துக்கொண்டு யாரும் ஒருவரை விடுவிக்க மாட்டார்கள்.

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"எத்தனை விளக்குன்னு கேட்டாங்க. ஒண்ணுன்னேன். நிறம் கேக்கல."

"வேற எதுவும் கேக்காம விட்டாங்களா? வேற என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் போல அந்தப் பக்கம் பாலத்து மஞ்சள் விளக்கு மினுக்கிட்டிருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் வெளியே வந்தாள். பாலத்தை நோக்கி நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. பாலம் முடிகிற இடத்தில் படித்துறைக்கு எதிர்ப்புறம், ஊருக்குள் வருகிற வண்டிக்கு இடப்பக்கமாக, ஒரே ஒரு சந்து பிரிகிறது. சந்து முனையில் எச்சரிக்கை விளக்குக் கம்பம். அண்ணாந்து பார்த்தாள்.

கம்பத்தின் உச்சியில் விளக்கு இல்லை. இரண்டு ஒயர்கள் மட்டும் துணி சுற்றி நீட்டிக்கொண்டிருந்தன. விளக்கு மின்பணியாளரின் மேசைமேல் வயிறு திறந்து கிடக்கிறது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பனி முகத்தில் உட்கார்ந்தது. பாலத்து விளக்கு எரியவில்லையென்றால் தையல்காரர் பார்த்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? பல வருஷமாக அதே இடத்தில் மினுக்கியதைப் பார்த்துப் பழகிய கண், வேறெதோ மினுக்கியதையும் அதன் கணக்கிலேயே எழுதிக்கொண்டது. வலப்பக்கம் வெள்ளை. இடப்பக்கம் மினுக்குகிற மஞ்சள். இதை அவள் தினம் பத்து வண்டியில் பார்த்துச் சரி என்று முத்திரை குத்துகிறாள். அன்று காலையிலும் முற்றத்தில் பார்த்தாள். அப்போதும் சரி என்றுதான் மனதுக்குள் முத்திரை குத்தினாள்.

சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே இரண்டே இடங்கள். ஒன்று பூட்டிக் கிடக்கிற கிடங்கு. அதன் பூட்டில் துரு. இன்னொன்றின் வாசலில் பலகை தொங்கியது. பலகையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, அவள் வண்டி ஓட்டப் பழகிய இடம் அது.

உடனே போக அவளுக்கு மனம் வரவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி, காவல் அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மாஸ்டரா? என்னம்மா பேசறீங்க? அவர் நாய் குறுக்க வந்தாலே இறங்கிக் கும்பிட்டு வழி விடற ஆளு," என்றார் அவர். "அந்தச் சந்துல திரும்பினார்னே வச்சுக்குவோம். அவர் கார்தான்னு எப்படிச் சொல்லுவீங்க? கழுவித் துடைச்சு நிக்குது."

"இந்தச் சேத்துல இன்னைக்குக் காலையில கார் கழுவின ஆள் வேற யாரு சார்?"

"தினமும் கழுவறவர்தானே. அது ஒரு சாட்சியா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். கையில் இருப்பது ஒரு கிழவர் பனிக்குள் பார்த்த மினுக்கல். கோர்ட்டில் ஊதினால் பறந்துவிடும். முற்றத்துப் பெஞ்சில் விளக்குக்கடை தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. மறுபடி அதே கனவு என்று தெரிந்தது.

மாலை நான்கு மணி. டிரைவிங் ஸ்கூலில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். பத்துப் பதினைந்து பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். மாஸ்டர் கரும்பலகையில் ஒரு முச்சந்தி வரைந்திருந்தார். பிரேக்கம்மா உள்ளே வந்தாள். காவல் அதிகாரி, அரைமனதோடு, வாசலிலேயே நின்றுகொண்டார்.

"வாங்கம்மா. பாடம் கேக்க வந்தீங்களா?" என்று சிரித்தார் மாஸ்டர்.

"ஒரு சின்ன விஷயம் மாஸ்டர். அபராதம்தான். உங்க கைல கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எனக்கா? என்ன குத்தம்?"

"காலையில பாலத்துலேர்ந்து இந்தச் சந்துக்குத் திரும்பும்போது நீங்க இண்டிகேட்டர் போடல."

வகுப்பில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டரின் கழுத்து சிவந்தது.

"யாரு சொன்னது?"

"பாத்தவங்க சொன்னாங்க."

"அவனுக்குக் கண்ணு பொட்டை. நான் இண்டிகேட்டர் போடாம திரும்பினேனா? இந்தப் பசங்க முன்னாடி வந்து சொல்றீங்களே. நடுப்பாலத்துலயே போட்டேன். முன்னாடி பின்னாடி ஒரு ஈ காக்கா தெரியல, அப்பவும் போட்டேன். என் கை தானா போகும்மா. முப்பது வருஷத்துல ஒரு நாள்..."

அங்கேயே நின்றுவிட்டார். கையில் சாக்பீஸ் முச்சந்தியைத் தொட்டபடி இருந்தது. வகுப்பில் சிரித்தவரும் நிறுத்திவிட்டார். காலையில் ஷெட்டை விட்டே எடுக்கவில்லை என்று அவர் சொன்ன காரை, அவரே நடுப்பாலத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

பிரேக்கம்மா மெதுவாகத்தான் சொன்னாள். "போட்டீங்க மாஸ்டர். எனக்குத் தெரியும். நீங்க போட்டதாலதான் தெரியும். இடப்பக்கம் இண்டிகேட்டர் மினுக்கறப்ப அந்தப் பக்கத்துப் பகல் விளக்கு அணைஞ்சிடும், மஞ்சள் பளிச்சுனு தெரியணுங்கறதுக்காக. அதைப் பாத்துட்டுத்தான் தையல்காரர் ஒத்தை விளக்குன்னார். மஞ்சளைப் பாலத்து விளக்குன்னு நினைச்சுக்கிட்டார். பாலத்துல இப்ப விளக்கே இல்ல. சிஸ்டர் உங்களுக்கு முன்னாடி இடது ஓரமாப் போயிட்டிருந்தாங்க. நீங்க தாண்டித் திரும்பறப்ப காரோட ஓரம் தட்டியிருக்கு."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே நாளில் கிழடாகிவிட்டவர் போலத் தெரிந்தார்.

"மகளை ரயிலேத்திட்டு வந்தேன்," என்றார். "முன்னால இருந்த டயல் எல்லாம் வெளிச்சமா இருந்துச்சு. ஹெட்லைட் எரியுதுன்னே நினைச்சேன். அது தானா எரியற மாதிரி வச்சிருந்தேன். பனி வெள்ளையா இருக்கறதால வண்டி பகல்னு நினைச்சுக்கிச்சு. பகல் விளக்கு மட்டும் எரிஞ்சிருக்கு. அதுல எதிர்ல என்ன தெரியும்? அவங்க சைக்கிளோட பின்பக்கச் சிவப்பு வில்லைகூடத் தெரியல. ஷெட் வாசல்ல வந்து பாத்தப்பதான்..."

"மணிச் சத்தம் கேட்டுச்சா?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சும்மா. இறங்கியிருக்கணும். இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் இப்படிப் பண்ணிட்டான்னு ஊரு சொல்லுமேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அந்த ஒரு நிமிஷத்துல கார் ஷெட்டுக்குள்ள இருந்துச்சு."

காவல் அதிகாரி உள்ளே வந்தார். தனக்குக் கற்றுக்கொடுத்தவரின் தோளில் கை வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. வைத்தார்.

பிரேக்கம்மா முற்றத்துக்கு வந்தபோது ஐந்து அடிக்கப் போகும் நேரம். விளக்குக்கடை எழுந்து நின்று, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்கிற பாவனையில் அவளைப் பார்த்தார்.

"நீங்க இல்ல அண்ணே," என்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

அவர் தலையாட்டிக் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவரோ, ஏதோ தொலைந்த பொருளைத் தேடுகிறவர் போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சது? அவங்க விழுந்தது?"

"அது கனவு."

"மாஸ்டர் இடிச்சது நிஜம்னு நீங்க சொல்றீங்க. சரி. ஆனா என் கண்ணுல இருக்கிறது அப்படியே இருக்கேம்மா."

விதி எத்தனை கேட்டாலும் அவள் சொல்வாள். இதற்கு விதி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் தகவல் வந்திருந்தது, நர்ஸ் கண் விழித்துவிட்டாள் என்று. வாங்க போகலாம் என்று அவரைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள். பனி இன்னும் அடர ஆரம்பித்திருந்தது, ஹெட்லைட்டை அவளே கையால் போட்டுக்கொண்டாள்.

நர்ஸ் தான் வேலை பார்க்கிற வார்டிலேயே, தான் தினமும் விரிப்பு மாற்றுகிற கட்டில் ஒன்றில் படுத்திருந்தாள். தலையில் கட்டு. விளக்குக்கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கண்ணே," என்றாள் அவள், மெல்லிய குரலில். "நேத்து ராத்திரி வார்டுல ஒரே கூட்டம். கிளம்ப லேட்டாயிடுச்சு. நீங்க முன்னாடியே போயிருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"சிஸ்டர்," என்றார் அவர். "நான்தான் இடிச்சுட்டேன்னு நினைச்சேன். காலையிலேர்ந்து அப்படியேதான் இருக்கேன். என் வண்டிலதான் விளக்கு சரியில்ல, நான்தான் அந்த வழியா வந்தேன்..."

அவள் சிரமப்பட்டுத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். வேடிக்கையான எதையோ கேட்டவள் மாதிரிப் பார்த்தாள்.

"நீங்களா? நீங்க இடிச்சிருந்தா நின்னிருப்பீங்களேண்ணே."

காலையிலிருந்து விளக்கை எண்ணி, நிறம் கேட்டு, பக்கம் பார்த்து அலைந்த பிரேக்கம்மாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இதை ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

விளக்குக்கடை கட்டிலோரத்து முக்காலியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். நர்ஸ் கையை நீட்டி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பிரேக்கம்மா மூன்று பேருக்கும் காப்பி வாங்கிவர வெளியே போனாள்.